ஒரு பதக்கமும் ஒரே ஓர் இடமும்

1

இந்தக் கதை தூக்கக் கலக்கத்தில் பிறந்தது. முதுகலைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு முடிந்து திரும்பும் வழியில், பேருந்தில் என் தோளில் சாய்ந்தபடி தங்கை சொன்னாள்: "மெடலைப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கலக்கா." மீதியை அவள் சொன்னாளா, கண்ணயர்ந்த நான் சேர்த்துக்கொண்டேனா, நிச்சயமில்லை.

2

முதல் தொடக்கம்: 'தாவரவியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்த அவள், தங்கப் பதக்கத்தைக் கைப்பையில்…'

வேண்டாம். பட்டமளிப்பு விழா வாடை அடிக்கிறது.

இரண்டாவது: 'ஜன்னலுக்கு வெளியே மெல்லிய மழை…'

(கூடப் போயிருந்தும், மழை பெய்ததா என்று அவளிடமே கேட்டேன். "வெயில் மண்டையப் பொளந்துச்சு" என்றாள்.)

3

நேராகவே சொல்லிவிடுகிறேன். உள்ளே மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த துறைத் தலைவி கேட்டார்: "படிச்சதுல உங்களுக்குப் புரியாமப் போனது எது?"

தங்கையோ புரிந்ததை மட்டுமே எழுதி மார்க் வாங்கியவள். ஆனாலும், தானே எதிர்பாராமல், விடுதிக் குளியலறைச் சுவரின் பாசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். விடுமுறையில் அது கருகிக் காய்ந்துபோனதாம். திரும்பி வந்து குழாயைத் திறந்தால், கண்ணெதிரே பச்சை பிடித்ததாம்.

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன் மேடம். அத்தனை நாள் அது உயிர எங்க வெச்சிருந்துச்சுன்னு இன்னும் தெரியல."

அப்போது அந்த அறையில் எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது என்கிறாள். [இது என் சரக்கில்லை.]

எழுந்தவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "அப்போ மெடலுக்கு மதிப்பே இல்லையா மேடம்?"

"அதப் பாத்துதாம்மா உங்களக் கூப்பிட்டோம். கூப்பிட்டதுக்கு அப்புறம் அதுகிட்ட கேக்க எங்களுக்கு என்ன இருக்கு?"

4

மிஞ்சியிருந்தது ஒரே இடம். அடுத்து உள்ளே போனவர் இரண்டாம் வகுப்பில் தேறியவர். ஆனால் ஓர் ஆய்வுக்கூடத்தில் உழைத்து, அங்கிருந்தவர்களின் பரிந்துரையோடு வந்திருந்தார். வெளியே வந்ததும் தங்கையிடம், "உங்களையும் புரியாததைத்தான் கேட்டாங்களா?" என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

முடிவு அ: இடம் தங்கைக்கு. "எல்லாம் மெடலோட மகிமை" என்று அப்பா தெருவெல்லாம் சொல்கிறார்.

முடிவு ஆ: இடம் அவருக்கு. அப்பா பதக்கத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி…

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். தங்கைதான் தடுத்துவிட்டாள். "எழுதாதக்கா. கெடச்சாலும் மெடலாலம்பாங்க, கெடைக்கலன்னாலும் மெடல் இருந்துமாம்பாங்க. நான் பேசுனது யாருக்கும் ஞாபகம் இருக்காது."

ஆகவே நீங்களே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த மூவரோடு உட்காருங்கள். வராந்தாவில் இருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரைத்தான் அந்த இடத்துக்கு நீங்கள் கூப்பிட முடியும்.