ஆள் இல்லாத போட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அன்றைக்குச் சிதம்பரத்தில் நடந்ததற்கு யார் காரணம் என்று உங்களுக்குப் புரியாது. என் பெயர் மோனிகா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஐந்து வருடமாக சர்வீஸ் பார்க்கிறேன். வீடு தாழங்குடா. நான் மூத்தவள், எனக்குப் பின்னால் தம்பி சிவசங்கர். சிதம்பரத்தில் ஒரு காலேஜில் எம்.சி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். 2010 ஏப்ரலில் அவனுக்கு ப்ராஜெக்ட் வைவா.

மற்ற பிள்ளைகள் லைப்ரரிக்கு ஒரு சாஃப்ட்வேர், ஆஸ்பத்திரிக்கு ஒரு சாஃப்ட்வேர் என்று செய்ய, இவன் கேம் செய்கிறேன் என்று உட்கார்ந்தான். அதுவும் என்ன கேம்? கடல். பெண்ணையாற்று முகத்துவாரத்தில் அலையைத் தாண்டி ஒரு ஃபைபர் போட்டைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றிலும் நாற்பது போட்டு, அவை தாமாகவே வழி பார்த்து வரும். கடலுக்கே போகக் கூடாது என்று அம்மா வளர்த்த பிள்ளை, கடலைத் தூக்கி வந்து வீட்டுக்குள் வைத்தான். அந்த அலைச் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்து பின்பக்கம் போய்விடும். ஏன் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுனாமி வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு சங்கரை அலையில் கால் நனைக்கக்கூட அம்மா விட்டதில்லை. ஸ்க்ரீனை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

அப்பா விசைப்படகில் போகிறவர். அவர் நேராகச் சொல்லிவிட்டார். "பாஸ் பண்ணா மெட்ராஸ் வேலைக்குப் போ. இல்லன்னா தடைக்காலம் முடிஞ்சதும் என்கூட ஏறு. படகுக்கு ஆளு பத்தல." சென்னை கம்பெனி ஒன்று அவனுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்திருந்தது. ஆனால் ஒரு பேப்பர்கூட நிற்கக் கூடாது என்பது கண்டிஷன். வைவாவில் கோட்டை விட்டால் வேலை போச்சு, அவனுக்குக் கடல்தான். அம்மா கோயிலுக்குப் போவது ஜாஸ்தியானது.

அவனுக்கு மிஷின் கட்டிக் கொடுத்தது நான்தான். இருந்த காசுக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் ப்ராசசர் சின்னதாகத்தான் வாங்க முடியும். நல்ல ப்ராசசர் வாங்கினால் கார்டு சின்னது. கடையில் ஒரு கார்டு இருந்தது. அதன் பெட்டியில் கத்தி பிடித்த பெண் ஒருத்தி முறைத்துக்கொண்டிருப்பாள். இவன் அதைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவே மாட்டேன் என்றான்.

"யக்கா, கேமுக்கு கார்டுதான்க்கா முக்கியம். எல்லாரும் அததான் சொல்றாங்க."

"எல்லாருமா வந்து உன் வைவாவுல நிக்கப் போறாங்க? தண்ணி பளபளன்னு தெரியறது கார்டு வேலை. அலை எங்க எழும்புது, போட்ட எந்தப் பக்கம் தள்ளுது, நாப்பது போட்டும் மோதிக்காம எப்படிப் போவுது, இதெல்லாம் கணக்கு. கணக்கு போடறது ப்ராசசர். அது கணக்க முடிச்சாதான் கார்டு வரையும். சோறே வேவல, பரிமாற பத்து பேர் நின்னு என்னாடா பண்றது?"

நான் சொன்னபடியே நல்ல ப்ராசசரும் சின்ன கார்டும் வாங்கினோம். கேம் அருமையாக ஓடியது. நொடிக்கு நாற்பது படம், அலை எழும்புவதும் விழுவதும் வெண்ணெய் மாதிரி. ஒரே ஒரு குறைதான். ஒவ்வொரு போட்டிலும் ஒரு ஆளை வரைந்து உட்கார வைத்தான். ஆளுக்குக் கை, கால், தலையில் முண்டாசு, லுங்கியில் மடிப்பு. அவ்வளவையும் வரைய முடியாமல் கார்டு திணறி, வேகம் பாதியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நாற்பத்தொரு ஆளையும் அழித்தான். அன்றிலிருந்து எட்டு மாதமாக ஒரே பாட்டு. "நீ அந்தக் கார்ட வாங்க விட்டிருந்தா போட்டுல ஆளு இருந்திருப்பான்." நானும் விடவில்லை. அந்த ப்ராசசரின் பெருமையைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலேஜ் லேபில் இருந்த மிஷின்களில் தனி கார்டே கிடையாது. அதில் இந்த கேம் போட்டோ ஆல்பம் புரட்டுவது மாதிரி ஓடியது. சொந்த மிஷினைக் கொண்டு வரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். வைவா அன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினோம்.

கண்டக்டர் பார்த்துவிட்டு வந்தார். "இதுக்கு லக்கேஜ் போடணும்மா. கடைசி சீட்டாண்ட வெக்காத, தூக்கித் தூக்கிப் போடும். மடியில வச்சுக்க."

"லக்கேஜா? இது என்ன கருவாட்டு மூட்டையா?" என்று நான் ஆரம்பித்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சங்கர் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"நான் மடியில வச்சுக்கறேன்க்கா."

"சட்டை கசங்கும். வைவாவுக்குப் போறவன் ஒழுங்கா உக்காரு." கண்டக்டர் சொன்னதற்காகவே கேபினெட்டைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் ரோடு ஒரு மாதிரி. புதுச்சத்திரத்துக்கு முன்னால் இரண்டு தடவை என் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. கேபினெட்டைக் காலால் அணைத்துப் பிடித்திருந்தேன், அதுவே போதும் என்று நினைத்தேன்.

லேபுக்குள் என்னை விடமாட்டேன் என்றார்கள். கடை அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, சர்வீஸ் இன்ஜினியர் என்று சொல்லி நுழைந்தேன். வெளியூர்க் காலேஜிலிருந்து பரிட்சை எடுக்க வந்திருந்தவர் புஷ்பவள்ளி மேடம். ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவே இல்லை. சங்கர் விளக்கம் சொல்லச் சொல்ல தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "நகருங்க, நான் ஓட்டிப் பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் நான்கு நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. முகத்துவாரம் நெருங்கும்போது அலை நின்று நின்று வந்தது. மேடம் இடது பக்கம் திருப்பினால் போட்டு ஒரு நொடி கழித்துத்தான் திரும்பியது. அடுத்த அலையில் கவிழ்ந்தது. மூலையில் வேகம் காட்டும் எண் நாற்பதிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருந்தது.

"பெரிய கார்டு வாங்கியிருக்கணும்க்கா. நான் அப்பவே சொன்னேன்" என்று சங்கர் என் காதில் முணுமுணுத்தான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "படத்த சின்னதாக்கிப் பாருடா" என்றேன். கடையில் நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை இதுதான். படத்தின் அளவைக் குறைத்தால் கார்டுக்கு வேலை குறையும். உடனே வேகம் கூடினால் கார்டுதான் காரணம். வேகம் கூடாவிட்டால் ப்ராசசர்.

சங்கர் பாதியாகக் குறைத்தான். பதினொன்று. இன்னும் குறைத்தான். அதே பதினொன்று. தெருவெல்லாம் நான் பெருமை பேசிய ப்ராசசர்.

மேடமும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கார்டு இல்ல தம்பி, ப்ராசசர்தான் மூச்சு வாங்குது. அதுக்கு மேல கணக்க ஏத்தி வச்சிருக்கீங்க. அப்ப தப்பு நீங்க எழுதின ப்ரோக்ராம் கோட்லதான்."

"வீட்ல நாப்பது ஓடுச்சு மேடம்."

"எல்லாரும் வீட்ல ஓடுச்சுன்னுதான் சொல்றாங்க" என்று பேனாவின் மூடியைத் திறந்தார்.

வீட்டில் ஓடியது உண்மை. எட்டு மாதம் ஓடியது. அப்படியென்றால் வீட்டுக்கும் இந்த மேஜைக்கும் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. நான் பவரை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே கை விட்டேன். ப்ராசசர் மேல் ஒரு அலுமினியக் கட்டி இருக்கும், அதன் மேல் ஃபேன். ப்ராசசரின் சூட்டை அந்தக் கட்டி இழுத்துக்கொள்ளும், ஃபேன் அதை ஆற்றும். வீட்டில் இவ்வளவு நேரம் ஓடினால் கட்டி தோசைக்கல் ஓரம் மாதிரி சுடும். இப்போது தொட்டால் ஜில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். கட்டியைப் பிடித்திருக்கும் நான்கு கால்களில் இரண்டு பிடி விட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றன. கட்டி ப்ராசசரைச் சரியாகத் தொடவே இல்லை. சூடு போக வழியில்லாமல், வெந்து சாகாமல் இருக்க ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. புதுச்சத்திரத்து ரோடும், கடைசி சீட்டும், என் வாயும் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன.

பேனா தாளைத் தொட்டிருந்தது.

"மேடம், எழுதாதீங்க. அவன் எழுதின கோடு சரி. தப்பு என்னோடது."

அவர் நிமிர்ந்தார்.

"மடியில வச்சுக்கறேன்னு சொன்னான் மேடம். கண்டக்டரும் சொன்னாரு. நான்தான் கேக்காம கடைசி சீட்டுக்கு அடியில வச்சேன். குலுங்கனதுல ப்ராசசர் மேல இருக்கற ஃபேன் கழண்டுருக்கு. நீங்களே வந்து பாருங்க. பத்து நிமிஷம் குடுங்க, போதும்."

சங்கர் ஸ்க்ரீனை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். என் தப்பு என்று நான் சொல்லி அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மேடம் எழுந்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்து உள்ளே பார்த்தார். ஒரு விரலால் கட்டியைத் தொட்டார்.

"அடுத்த பையன முடிச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள பண்ணுங்க" என்று போனார்.

பையில், கட்டிக்கும் ப்ராசசருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் டியூப் இருந்தது, நல்லவேளை. பழையதைத் துடைத்து, புதிதாக ஒரு சொட்டு வைத்து, கட்டியை உட்காரவைத்து ஒவ்வொரு காலாக அழுத்தினேன். மூன்றாவது கால் இரண்டு தடவை வழுக்கியது. சங்கர் பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான்காவது டக் என்று விழுந்தது.

மேடம் திரும்பி வந்து ஓட்டினார். நாற்பது. ஐந்து நிமிடம் ஆனது, நாற்பது. பத்து நிமிடம் ஆனது, நாற்பத்தொன்று. முதல் தடவை அவரே தப்பாகத் திருப்பிக் கவிழ்த்தார். இரண்டாவது தடவை வேறொரு போட்டின் மேல் மோதினார். மூன்றாவது தடவை அலை உடைந்து அடங்கும் இடைவெளிக்குக் காத்திருந்து, நுழைத்து, மணலில் கொண்டுபோய் நிறுத்தினார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போட்டுல ஏம்ப்பா ஆளே இல்ல?"

"ஆளு வரைஞ்சா கார்டு தாங்கல மேடம். அலைய விட முடியாது, வேகத்தையும் விட முடியாது. அதனால ஆள விட்டுட்டேன்."

"எத விடணும்னு தெரிஞ்சிருக்கு. அது போதும்" என்று சொல்லி மார்க் போட்டார். "வேலை கெடச்சிருக்கா, எப்ப சேரணும்?" என்று வேறு கேட்டார். சங்கர் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஜூன்லங்க மேடம் என்று நான்தான் சொன்னேன்.

வெளியே வந்து கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் அனுபவித்ததே இல்லை. சங்கர் என்னைப் பார்த்துச் சிரித்தான், அவன் கண்ணிலும் தண்ணீர். அம்மாவுக்கு போன் போட்டோம். "பாஸும்மா" என்றான். "சாப்ட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டது அம்மா.

திரும்பும்போது நானே கேட்டு லக்கேஜ் டிக்கெட் வாங்கினேன். கேபினெட்டை மடியை விட்டு இறக்கவில்லை. சங்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வேண்டுமென்றே எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். "பொடவ கசங்குது பாரு."

"வாய மூடுடா" என்றேன். ஆனால் கோபம் வரவில்லை.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "சரி, படகுக்கு வேற ஆளுதான் பாக்கணும்" என்று சலித்துக்கொள்கிற மாதிரி சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. கேமைப் போட்டுக் காட்டச் சொன்னார். சங்கர் ஒயரையெல்லாம் மாட்டி ஓடவிட்டான். அலைச் சத்தம் கேட்டதும் நான் பழக்கத்தில் பின்பக்கக் கதவைப் பார்த்தேன். அம்மா அங்கேதான் நின்றிருந்தது, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. உள்ளே வந்தது. முதல் தடவையாக ஸ்க்ரீனைப் பார்த்தது. முகத்துவாரத்தில் ஒரு பெரிய அலை எழும்பி, அதன் மேல் போட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"அதுல யாருடா இருக்கறது?" அம்மா போட்டைக் காட்டிக் கேட்டது.

சங்கர் திரும்பிப் பார்த்தான். "யாருமில்லம்மா. வெறும் போட்டுதான்."

"மத்ததுல?"

"ஒண்ணுலயும் ஆளு கெடையாதும்மா. வரைஞ்சேன். அக்கா வாங்கிக் குடுத்த கார்டு தாங்கல, அழிச்சிட்டேன்."

அம்மா நாற்பது போட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பார்த்து முடிய நேரமானது. பிறகு என் பக்கம் திரும்பி, ஈரம் காயாத கையால் என் கன்னத்தைத் தொட்டது. பாயை இழுத்துப் போட்டுச் சங்கர் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அப்ப ஓட்டு, பாக்கறேன்" என்றது.

அடுத்த அலை சத்தத்தோடு வந்தது. அம்மா எழுந்து போகவில்லை.