தேங்கிய மெயில்

மூன்று நாளாக எங்கள் அலுவலகத்து மெயிலில் பாதி வெளியே போகவில்லை. "என்னப்பா, உன் சர்வர் தூங்குதா?" என்று மேலாளர் காலையிலிருந்து ஐந்தாவது முறையாக வந்துவிட்டார். நான் சோதித்தால் மட்டும் ஒழுங்காகப் போய்த் தொலைந்தது.

காரணம் பதினொரு மணிக்குத்தான் பிடிபட்டது. சர்வருக்கு, இணையத்தில் வீட்டு எண் மாதிரி, இரண்டு ஐபி முகவரிகள்: பழைய வகை ஒன்று, போன ஞாயிறன்று நானே சேர்த்த புதிய வகை ஒன்று. மெயிலை வாங்கும் பக்கத்திலும் புதிய வகை இருந்தால் எங்கள் சர்வர் புதியதைத்தான் முதலில் எடுக்கும். அந்தப் புதிய முகவரியை எங்கள் பெயரில் பதிய மறந்திருந்தேன். அனுப்புவது யாரென்று தெரியாமல் வாங்கும் சர்வர்கள் "அப்புறம் வா" என்று திருப்பிவிட்டன. நான் சோதித்ததோ பழக்கதோஷத்தில் பழையதிலிருந்து. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

பழையதை முதலில் எடுக்கும்படி சர்வர் அமைப்பில் ஒரு வரியை மாற்றினேன். "சீக்கிரம்ப்பா!" மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். எரிச்சலில், தேங்கிக் கிடந்தவை என்னென்ன என்று பார்க்காமலே எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிட்டேன்.

திரையில் வரிகள் ஓடின. நடுவே என் அக்காவின் முகவரி, இரண்டு முறை.

திங்கட்கிழமை அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். பதிலே இல்லையென்று நேற்று ஆத்திரத்தில், "இனிமே எனக்கு அக்காவே கிடையாது" என்று இன்னொன்று. இரண்டும் இவ்வளவு நேரம் இங்கேயே கிடந்திருக்கின்றன.

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்" என்றேன், அக்காவின் எண்ணை அழுத்தியபடி. அவளுடைய மெயில் பெட்டியிலும் புதியதுதான் முதலில் நிற்கும்.