நாலு முள், ஏழு முள்

அத்தான் கொடுத்துவிட்டுப் போன பாட்டில் பதினோரு நாளாக மேஜை ஓரத்திலேயே கிடந்தது. அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் 'பூச்சி டாக்டர்' என்று பெயர் வாங்கியவளுக்குச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுவது கொஞ்சமா நஞ்சமா? கரப்பான் குஞ்சு, காது கடித்த வண்டு, சோப்புப் பெட்டிக்குள் செத்துக் கிடந்த என்னவோ ஒன்று. யாருக்குத்தான் சலிக்காது!

"தெரு அடிபம்பைப் பிடுங்கிட்டு மோட்டார் போட்டு, பெரிய குழாயா இறக்கியிருக்காங்கம்மா. உன் வெள்ளைப் பூச்சி இப்பல்லாம் கொழுகொழுன்னு வருது. உங்க அக்காதான் பிடிச்சு, நீ குடுத்த ஸ்பிரிட்ல போட்டு அனுப்பினா" என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். அவள் சிரித்து வைத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

அந்த வெள்ளைப் பூச்சிதான் அவள் பிழைப்பு. பூச்சி என்பது ஊர்ப்பேச்சு; அது இறால் இனம். மலைக்கு அடியில் நிலத்தடி நீரிலும் இருட்டுக் குகையிலும் வாழ்வது. கண் கிடையாது, நிறம் கிடையாது. அதற்குப் பதினான்கு வருஷம் கொடுத்திருந்தாள். மலைக்கு மேற்கே குகைகளில் இருப்பது பெரிய இனம், வால் நுனியில் ஏழு முள். கிழக்கே கிணறுகளில் இருப்பது சின்ன இனம், நாலே முள். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவள் அவள்தான். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மேற்கே சிவப்புப் புள்ளிகள், கிழக்கே நீலப் புள்ளிகள். ஒன்றுகூட மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகவில்லை.

வெளிச்சம் பட்டால் ஒரு பொழுது தாங்காத பிராணி, மலையைச் சுற்றி நடந்தா போகும்? இரு பக்கமும் ஒரே இனம் என்றால் அடியில் ஓடும் தண்ணீரும் ஒன்று. வேறு வேறு இனம் என்றால் தண்ணீரும் வேறு; இங்கே இனம் வேறு. இவ்வளவுதான் அவள் எழுதிக் கொடுத்தது, மூன்று வரி. மேற்கே ஒரு சாயத் தொழிற்சாலை, கழிவு நீரை ஆழக் குழாய் போட்டுக் குகைக்குள் இறக்க அனுமதி கேட்டபோது, அதிகாரிகள் அவளைக் கேட்டு வாங்கிய மூன்று வரி. கிழக்குப் பக்கத் தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்களும் பயந்துபோய், 'ஆட்சேபம் இல்லை' என்ற காகிதத்தில் முதலில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அதே தெருவில் இருக்கும் அவள் அக்காதான் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "என் தங்கச்சி முள்ளை எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றா. அவ சொன்னா சொன்னதுதான்" என்றாளாம். எல்லோரும் போட்டுவிட்டார்கள். தொழிற்சாலை ஓட ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது.

அன்று காலை மேஜையைத் துடைக்கலாம் என்று பாட்டிலை எடுத்தவள், போனால் போகிறது என்று திறந்தாள். கண்ணாடித் தட்டில் மூன்று பிராணிகள் விழுந்தன. ஒன்று விரல் நகத்தின் நீளம். கிழக்குக் கிணற்றில் இவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. மைக்ரோஸ்கோப்பில் வாலை எண்ணினாள். ஏழு.

முதலில் அத்தான் மேல்தான் கோபம் வந்தது. மனுஷன் எங்கேயோ குகைப் பக்கம் போய்ப் பிடித்துவிட்டு விளையாடுகிறாரா? இரண்டாவதை வைத்துப் பார்த்தாள். அது சட்டை உரிக்கப் போகும் சமயத்தில் ஸ்பிரிட்டில் விழுந்திருந்தது. பழைய தோல் தளர்ந்து தொங்க, உள்ளே புதுத் தோல் தயாராக மடிந்து கிடந்தது. பழைய தோலில் நாலு முள். உள்ளே இருந்த புதுத் தோலில் ஏழு.

அடிபம்பின் அடியில் ஒரு சல்லடை இருக்கும். அதன் ஓட்டையில் நுழையக்கூடியது குஞ்சு மட்டும்தான்; இப்போது இறக்கிய பெரிய குழாயில்தான் பெரிசுகளும் ஏறி வருகின்றன. பதினான்கு வருஷமும் கிழக்கே அவள் பம்பை அடித்து அடித்துப் பிடித்ததெல்லாம் குஞ்சுகள். மேற்கே குகைக்குள் நடந்து, வலைபோட்டுக் கண்ணில் பட்ட பெரிசுகளை அள்ளினாள். பிள்ளைகளை ஒரு ஜாதி என்றும் பெற்றவர்களை இன்னொரு ஜாதி என்றும் பிரித்துவைத்துப் பெயரும் சூட்டிவிட்டாள். இருந்தது ஒரே இனம். அடியில் ஓடியது ஒரே தண்ணீர்.

அடுத்து அவள் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு கை கழுவும் தொட்டிப் பக்கம் போனாள். இந்த முள்ளை எண்ணத் தெரிந்தவர்கள் உலகத்தில் மொத்தம் மூன்று பேர்; மற்ற இருவரும் அவளிடம் படித்தவர்கள். குழாயைத் திறந்தால் போதும், பெயர் பிழைக்கும். தண்ணீரைத் திறந்தும் விட்டாள். அது ஓடுவதைப் பார்த்ததும்தான் அக்கா மகளின் நினைவு வந்தது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு அங்கேதான் இருக்கிறாள். தாய்ப்பால் போதாமல் பால் பவுடர் கலக்கிக் கொடுக்கிறார்கள். அவள் குழாயை மூடிவிட்டுப் போனை எடுத்தாள்.

"அடியே, ஆயுசு நூறு உனக்கு!" என்றாள் அக்கா. "இப்பதான் உன்னை நினைச்சேன். உன் பூச்சித் தொல்லை விட்டுச்சுடி. நாலு நாளா ஒண்ணுகூட வரல. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

பதினோரு நாள் முன்பு கொழுகொழுவென்று வந்தவை நாலு நாளாக வரவில்லை என்றால் காரணம் ஒன்றுதான்.

"அக்கா, அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. யாரும் குடிக்கக் கூடாது."

"என்னடி சொல்ற? காய்ச்சித்தானே குடிக்கிறோம்."

"காய்ச்சினாலும் போகாதுக்கா. சாயக் கழிவு உங்க கிணத்துக்கு வந்துடுச்சு. நான் எண்ணினது தப்பு. நான் எழுதிக் குடுத்ததும் தப்பு."



"ஒன்பது வீட்லயும் உன் பேரைச் சொல்லித்தானேடி கையெழுத்து வாங்கினேன்" என்றாள் அக்கா, மெல்ல. பிறகு போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு கதவு சுவரில் மோதியது.

"ஏய், பால் பாட்டிலைக் கீழ வைடி! வைடின்னா!"

"எதுக்கும்மா கத்துற, எழுப்பிடாத" என்று மகளின் குரல் தூரத்தில் கேட்டது. "இன்னிக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. சமர்த்தா குடிச்சிட்டு, இப்பதான் கண்ணை மூடுறான்."