இருபத்தெட்டு

அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் சன்னல் கிடையாது. வெயில் ஏறுமுன் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வரலாம். அங்கே காலர் தைப்பவளுக்கு ‘ஊசி’ என்று பட்டப்பெயர். வாய் அப்படி.

ஆறு மாதமாக அவளுக்கு இடுப்பும் காலும் குடைந்தன. ரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி இருபத்தெட்டு என்று வந்தது. தாளைச் சூப்பர்வைசரிடம் நீட்டி, டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் விடுப்புக் கேட்டாள்.

அவர் தன் கைபேசியில் தன்னுடைய ரிசல்ட்டைத் திறந்தார். “எனக்கு இருபத்தாறுதான். அதுவே போதும்னுட்டார் டாக்டர். உனக்கு என்னைவிட ரெண்டு கூட! வேலைக்கள்ளிக்குப் பிள்ளை சாக்குன்னு சொல்வாங்க. உனக்கு எலும்பு சாக்கா?”

தையல் நின்று சிரிப்பு எழுந்தது. விடுப்பு கிடைக்காமல் ஊசி தாளை மடித்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

மூன்றாவது வாரம், துணிக்கட்டோடு படியேறும்போது பாத எலும்பில் விரிசல் விழுந்தது. கட்டுப் போட்ட டாக்டர் பழைய தாளைப் பார்த்தார்.

“இது போதும்னு யாரும்மா சொன்னது? இந்த லேப்ல போட்டிருக்கறது நானோமோல் கணக்கு, அது வேற அளவு. நானோகிராமுக்கு மாத்த ரெண்டரையால வகுக்கணும். பதினொண்ணுதான் வருது. இருபதுக்குக் கீழ போனாலே குறைச்சல்.”

“விட்டுத் தொலைடி, காலைப் பாரு” என்றான் கணவன்.

“விடறதா? சிரிச்ச இடத்துலயே அந்தாளு வாயால இந்தத் தாளைப் படிக்கணும்.”

கட்டுக்காலோடு கிடந்த ஆறு வாரமும் அந்த ஒரு நினைப்பையே மென்றாள். முதலாளிக்குப் புகார் எழுதினாள். விசாரணையைக் கீழ்த்தளத்தில், எல்லார் முன்னாலும் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். முதலாளியும் இறங்கி வந்தார்.

ஊன்றுகோலோடு நின்று தாளை நீட்டினாள். “படிங்க சார்.”

“இருபத்தெட்டு.”

“பக்கத்துல?”

“நானோமோல்...”

“உங்களோடதுல?”

சூப்பர்வைசர் கைபேசியைத் திறந்து பார்த்தார். “நானோகிராம்.”

துணியில் குறி போடும் சுண்ணக்கட்டியை அவர் கையில் திணித்தாள். “ரெண்டரையால வகுங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுங்க.”

அன்றாடத் தையல் கணக்கு எழுதும் பலகையில் பதினொன்று விழுந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் பாலாக இறங்கியது.

முதலாளி அன்றே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். எல்லாருக்கும் பரிசோதனை செய்யவும் உத்தரவு போட்டார்.

“தெரியாமப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சுடு” என்று சூப்பர்வைசர் கை கூப்பினார்.

“மன்னிக்க மாட்டேன்” என்றாள் ஊசி. “தெரியாதது குத்தமில்ல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசினதுதான் குத்தம். வெறும் எண்ணை வெச்சு ஒருத்தர் வலியை அளக்காதீங்க. பக்கத்துல என்ன அளவு போட்டிருக்குன்னு பாருங்க. புரியலேன்னா, புரிஞ்சவங்ககிட்ட அனுப்புங்க!”