ஏறுமுகம்

"இந்தக் கோடு ரொம்ப அழகா இருக்கு, டால்டன்" என்றாள் ப்ரெண்டா.

மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் விண்ணப்பிக்கிற மாணவர்களுக்கு அவள்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆலோசகர். என் மதிப்பெண்களை வைத்துத் திரையில் ஒரு கோடு வரைந்திருந்தாள். முதல் வருடம் சுமாராகப் போனது. இரண்டாம் வருடம் பள்ளத்தில் விழுந்தது. மூன்றாம் வருடம் செங்குத்தாக ஏறி உச்சியில் நின்றது.

"ஏறுமுகம். தேர்வுக் குழுவுக்கு இது பிடிக்கும்."

"சராசரி?"

"அதுதான் இடிக்குது. நாலுக்கு மூணு புள்ளி ஒண்ணு. சயின்ஸ் மட்டும் பாத்தா அதுக்கும் கீழ. சீட்டு கிடைக்கறவங்க பெரும்பாலும் மூணரைக்கு மேல. நமக்கு இந்தக் கோட்டை விட்டா வேற வழி இல்ல. ரெண்டாம் வருஷம் என்ன ஆச்சுன்னு விண்ணப்பக் கட்டுரையில எழுதிடுங்க."

என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். ட்ரூடியின் அடக்கத்துக்கு வந்திருந்தாள்.

"எழுதமாட்டேன்."

"எழுதலேன்னா, ரெண்டாம் வருஷம் பூரா பியர் குடிச்சுட்டுக் கிடந்த பையன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

அவள் மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

ட்ரூடி என் மனைவி. கல்லூரியில் முதல் வருடம் முடிந்ததும் கல்யாணம். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் அது சீக்கிரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் வருடம் தொடங்கியபோது அவளுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது. சிகிச்சை ஒமாஹாவில். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், இரண்டு பக்கமும் சோளக்காடு. வண்டியை நான்தான் ஓட்டினேன். ஆய்வக வகுப்புகளைத் தவறவிட்டேன். கரிம வேதியியலை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். வினைகள் எழுதிய அட்டைகளை அவள் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். ஊசி ஏறாத கையால் அட்டையைப் புரட்டுவாள்.

"டாக்டரே, இதென்ன, அறுகோணத்துக்குக் கொம்பு முளைச்சிருக்கு?"

"அது நைட்ரோ குழு."

"பாத்தா மாட்டுச் சந்தையில நிக்கற மாதிரி இருக்கு."

அந்தப் பருவத் தேர்வின் முடிவு அங்கே இருக்கும்போதுதான் கைபேசியில் வந்தது.

"என்ன?" என்றாள்.

"சி."

"போன தடவையும் சிதானே?"

"ஆமா."

"உன் சராசரியைக் கீழ இழுக்கறது நான்தான்டா. என்னைக் கழிச்சுட்டுப் பாரு, ஜம்முனு மேல போயிடும்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த முதியவரும் சிரித்தார்.

மூன்றாம் வருடம் தொடங்குவதற்கு முந்தின வாரம் இறந்தாள்.

பிறகு எல்லாப் பாடத்திலும் ஏ. வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சமைக்க வேண்டாம், மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டாம், எங்கேயும் ஓட்டிப் போக வேண்டாம். புத்தகம் எதிரில் இருந்தது, படித்தேன். தேர்வில் கேட்டார்கள், எழுதினேன். பல் மருத்துவராக வேண்டும் என்பது முன்பே முடிவு செய்தது. அதை மாற்றுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. நான் வைத்துக்கொண்டிருந்த ஒரே திட்டமும் அதுதான்.

கட்டுரையில் வேறு எதையோ எழுதி அனுப்பினேன். அக்டோபரில் பல் மருத்துவக் கல்லூரியில் நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

முந்தின நாள் மாலை வெர்ன் வீட்டுக்குப் போனேன். வெர்ன் ட்ரூடியின் அப்பா, தானியக் கிடங்கில் வேலை. ஊரில் இருந்த ஒரே பல் மருத்துவர் கடையை மூடிவிட்டுப் போனதிலிருந்து வலது பக்கத்தில் மென்று சாப்பிடுவதை விட்டிருந்தார். ஒரு கோப்பை சில்லி இறைச்சிக் குழம்பும் ஒரு லவங்கப்பட்டை ரோலும் என் முன்னால் வைத்தார். தன்னுடைய டை ஒன்றையும் வைத்தார்.

"நீ டாக்டராகறதுக்குள்ள இந்தப் பல்லு தானா விழுந்துடும்."

"விழட்டும். எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அங்கயும் வாயைத் திறந்து பேசு. அவளைப் பத்திச் சொல்லு, தம்பி."

"அவளைச் சொல்லி சீட்டு வாங்கணுமா?"

"இனிமே அவளால வேற என்ன ஆகப்போகுது?"

சொன்ன பிறகு அவர் எழுந்து அடுப்புப் பக்கம் போனார். காலியாகாத என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

நேர்காணல் அறையில் இரண்டு பேர். ஒருவர் வயதான பேராசிரியர். மற்றவர் சேர்க்கைப் பிரிவின் பெண் அதிகாரி. பல் மருத்துவரிடம் உதவியாளனாக நின்று பார்த்த அனுபவத்தைக் கேட்டார்கள். சொன்னேன். பிறகு அந்தப் பெண் என் மதிப்பெண் பட்டியலைத் திருப்பினாள்.

"இந்த ஏறுமுகம் அசத்தலா இருக்கு. ரெண்டாம் வருஷத்துக்கும் மூணாம் வருஷத்துக்கும் நடுவுல எதை மாத்துனீங்க?"

"நேரம் கிடைச்சுது."

"நல்ல விஷயம். நேரத்தை எப்படி நிர்வகிக்கறதுன்னு கத்துக்கிட்டீங்க" என்று எழுதிக்கொண்டாள். "குறிப்பா என்ன செஞ்சீங்க?"

"ஒமாஹாவுக்குப் போறது நின்னுது."

"அங்க வேலை பாத்தீங்களா?"

"இல்ல. மனைவிக்கு அங்க சிகிச்சை. இறந்துட்டா."

பேனா நின்றது. வயதானவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும்" என்றாள் அவள். "இதை ஏன் விண்ணப்பத்துல எழுதல? அவ்வளவு பெரிய இழப்புக்கு அப்புறம் இப்படி உழைச்சு மேல வந்திருக்கீங்க."

"உழைக்கல. ஏ எல்லாம் சும்மா வந்துது. அந்த சியைத்தான் உழைச்சு வாங்கினேன்."

வயதானவர் தன் முன்னால் இருந்த படிவத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இந்தக் கட்டத்துல அதை எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல, மகனே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் பதில் வந்தது. இடம் இல்லை.

ப்ரெண்டா பல் மருத்துவக் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "நேர்காணல்ல குறை ஒண்ணும் சொல்லல. அந்த வயசானவர் உங்களுக்காக வாதாடியிருக்கார். ஆனா சயின்ஸ் சராசரி மூணுக்கே முக்குது. கோடு எவ்வளவு ஏறினாலும், கூட்டி வகுத்தா வர்றதுதான் வரும்."

"இப்ப என்ன செய்யறது?"

"கெமிஸ்ட்ரி ரெண்டையும் திரும்ப எடுங்க. ஜனவரியில ஒண்ணு. அப்புறம் மறுபடி விண்ணப்பிக்கலாம்." அவள் தயங்கினாள். "ஒண்ணை முன்னாடியே சொல்லிடறேன், எல்லாரும் ஏமாந்து போற இடம் இது. நம்ம பல்கலைக்கழகத்துல புது மார்க் வந்தா பழசைக் கணக்குலேருந்து எடுத்துடுவாங்க. பல் மருத்துவ விண்ணப்பத்துல அப்படி இல்ல. ரெண்டையும் போட்டுத்தான் கூட்டுவாங்க."

"பழசு அழியாதா?"

"அழியாது. நீங்க எத்தனை ஏ வாங்கினாலும் அந்த சி பக்கத்துலயேதான் நிக்கும். வருத்தமாத்தான் இருக்கு, ஆனா அதுதான் விதி."

"சரி" என்றேன். "என் பேரைப் பதிஞ்சுடுங்க."

"ஒரு வாரம் யோசிச்சுட்டுச் சொல்லுங்களேன்."

"வேண்டாம். இப்பவே."

ஜனவரியில் அதே ஆய்வகம், அதே கரைப்பான் வாசனை. ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி. இரண்டாம் வருட மாணவர்களுக்கு நடுவில் எனக்கு இடம் கொடுத்தார்கள். மேசையில் என்னுடன் ஜோடி சேர்ந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அவளும் பல் மருத்துவம்தான் என்றாள். அட்டைகளைப் பல நிறத்தில் எழுதிக் கட்டி வைத்திருந்தாள்.

"நீங்க ஏற்கனவே இதை எடுத்துட்டீங்களாமே?"

"ஆமா."

"தப்பா நினைக்காதீங்க. என்ன வாங்குனீங்க?"

"சி."

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் பொதுவான தராசை எனக்கு எட்டாதபடி தன் பக்கம் நகர்த்தினாள்.