உள்சீட்டு நூல்

கிட்டே வாருங்கள் கண்மணிகளே, இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் நீட்ட வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள். கேட்கும்போதே கண் சொருகினாலும் குற்றமில்லை, பாதித் தூக்கத்திலும் காதில் ஏறுகிற கதைதான் இது. நான்கு நூலும், ஒரு சின்னப் பெண்ணும், அவளைப் பெற்றவளும் வருகிற கதை. சொல்லட்டுமா?

ஒரு ஊரில் ஒரு சினிமா தியேட்டர். இருட்டில் டார்ச் அடித்து, வருகிறவர்களை அவரவர் சீட்டில் உட்காரவைக்கிற வேலை ஒருத்திக்கு. டார்ச்சக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். சின்ன வெளிச்ச வட்டம் ஒன்று படிகளில் மெல்ல இறங்கும், அதன் பின்னால் ஆட்கள் கோழிக்குஞ்சுகளாய் இறங்குவார்கள். திரையில் மழை பெய்தால் அவள் முகமும் நனைந்தது போலத் தெரியும். எத்தனையோ படங்களை அவள் பாதியிலிருந்து பார்த்திருக்கிறாள், எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் ரொட்டி சுடுகிறவர். விடிவதற்குள் கிளம்பிப் போய், மதியம் மாவு படிந்த புருவத்தோடு திரும்புவார். அவர் உள்ளே வர, இவள் வெளியே போவாள். புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் பெரும்பாலும் வாசற்படியில்தான்.

இருவருக்கும் ஒரே மகள். சிட்டு என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பகை, அது தையல். கழுத்தோரம், அக்குள், விலா, எங்கே தையல் தோலைத் தொட்டாலும் "கடிக்குதும்மா" என்பாள். நெளிவாள், சிணுங்குவாள், பிறகு கண்ணீர் பொலபொலவென்று கொட்டும், சட்டை ஒரு மூலைக்குப் பறக்கும். வீட்டில் எந்நேரமும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு திரிவாள். "துண்டு மகாராணி வர்றாங்க, வழி விடுங்க" என்று அப்பா குனிந்து வழிவிடுவார். டாக்டர் பார்த்துவிட்டுத் தோலில் ஒன்றுமில்லை என்றார். "சில பிள்ளைங்க தோலுக்குக் காது கூர்மை. நமக்குக் கேக்காததெல்லாம் அதுக்குக் கேக்கும்" என்றார்.

வீட்டில் சரி, பள்ளிக்கூடத்தில்? போன வருடம் சேர்த்த அன்றே, கொஞ்ச நேரத்தில் போன் வந்துவிட்டது. பிள்ளை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறாள், கூட்டிக்கொண்டு போங்கள் என்று. இந்த வருடம் திரும்பச் சேர்க்க வேண்டும். இப்போதும் அவளால் உட்கார முடியாவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகளெல்லாம் விளையாட, தன் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வளர்வாளோ என்பதே டார்ச்சக்காவின் பயம். வகுப்பு டீச்சர் நல்ல மனுஷி. "வெளிர்நீலமா இருந்தா போதும்மா. அவளுக்கு ஒத்துக்கிற மாதிரி நீங்களே ஒண்ணு தச்சுப் போட்டு அனுப்புங்க" என்றாள்.

தெருமுனைத் தையல்காரர், டார்ச்சக்கா கொண்டுபோன மெத்தென்ற பனியன் துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"என் மெஷின்ல இதைத் தச்சா அலை அலையாப் போகும்மா. இழுத்தா நூல் அறும். இதுக்கு ஓவர்லாக் வேணும். அது துணி விளிம்பை நறுக்கிக்கிட்டே, அதைச் சுத்தி நாலு நூலால பின்னிக்கிட்டு வரும். மடிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது. துணி இழுபட்டா தையலும் கூடவே இழுபடும்."

அப்படி ஒரு மெஷின் இருந்தது. வேறெங்கும் இல்லை, நாத்தனார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். அவள் அழகுநிலையம் வைத்திருப்பவள். என்றோ ஆசைப்பட்டு வாங்கி, பெட்டியைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல் போட்டு வைத்திருந்தாள். தம்பி கேட்டதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், வாயையும் சேர்த்துத்தான்.

"இந்தா. நாலு நாள் தைப்பே, அஞ்சாம் நாள் இதுமேல துணி காயப்போடுவே."

"கட்டிலுக்கு அடியில தூசி காயப்போட்டதுக்கு அது தேவலை அண்ணி."

"பேசு, பேசு. பிள்ளைக்கு இவ்வளவு இடம் குடுத்தா இப்படித்தான். நாங்கல்லாம் கோணி மாதிரி துணியைப் போட்டுக்கிட்டு வளரலையா?"

"அதான் அக்கா உன் பேச்சும் கோணி மாதிரியே சொரசொரன்னு இருக்கு" என்றார் தம்பி. அக்காள் கையிலிருந்த பையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு மெஷினை வைத்தார்கள். கைக்கடக்கமாய், வெள்ளையாய், குந்தி உட்கார்ந்த பூனை போல இருந்தது. மேலே நான்கு குச்சிகள், அவற்றில் நான்கு நூல்கண்டுகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று கடைக்காரர்கள் கோத்தே அனுப்பியிருந்தார்கள். வெளிர்நீலச் சட்டையில் இந்தத் திருவிழா எதற்கு என்று, சுத்தத்துக்குப் பேர்போன டார்ச்சக்கா கத்தரிக்கோலை எடுத்து நான்கையும் நறுக்கினாள், ஒவ்வொன்றாய் உருவினாள், சுருட்டிக் குப்பையில் போட்டு, நான்கு குச்சியிலும் நீல நூல்கண்டு மாட்டினாள். பழைய நூலின் நுனியில் புது நூலை முடிந்து இழுத்திருந்தால் அது தானாகவே வழி கண்டு போயிருக்கும் என்று அப்போது அவளுக்கு யார் சொல்ல?

முன்பக்கக் கதவைத் திறந்தாள். உள்ளே சந்து பொந்தாக இருந்தது, வளையங்களும் கம்பிகளும் பள்ளங்களும். மேலே இரண்டு ஊசிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கீழே இரண்டு வளைந்த கொக்கிகள். லூப்பர் என்று பெயராம். ஒன்று மேலே எட்டிப் பார்க்கிற மேல் கொக்கி, இன்னொன்று அடியில் பதுங்கிக் கிடக்கிற கீழ் கொக்கி. ஊசி நூலைக் கொக்கி நூல் பிடிக்க வேண்டும், கொக்கி நூலை ஊசி நூல் பிடிக்க வேண்டும், அப்போதுதான் பின்னல் விழும்.

அவள் வரிசை பிசகாதவள். இடதுகோடிச் சீட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பழகிய கண். மெஷினிலும் அப்படியே இடப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். இடது ஊசி, வலது ஊசி, மேல் கொக்கி, கடைசியாகக் கீழ் கொக்கி. நாத்தனார் தந்த, புருவ முடி பிடுங்குகிற சாமணத்தால் நூல் நுனியைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு வளையத்திலும் நுழைத்தாள். ஜன்னல் வெயிலில் நீல நூல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மின்னியது. நூலை விட்டுவிட்டு வெயிலையே கோக்கிறோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

பெடலை மிதித்தாள். நாலு தையல் ஓடியது. டப்.

கீழ் கொக்கி நூல் அறுந்து தொங்கியது.

மறுபடி கோத்தாள், மறுபடி டப். நூலை மாற்றினாள், ஊசியை மாற்றினாள், நூலின் இறுக்கத்துக்கென்று இருக்கிற திருகுகளை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் திருப்பினாள். கீழ் கொக்கி நூல் மட்டும் பிடிவாதமாக அறுந்தது.

"அது என்ன நாலு திருகு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"டென்ஷன். நூலுக்கு ஒண்ணு."

"நம்ம வீட்டுல ஏற்கெனவே இருக்கிறது பத்தலையா?"

அவள் சிரிக்கவில்லை. பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. அன்று அவள் தியேட்டருக்குப் போகும்போது சிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு துண்டோடு நின்றாள்.

மதியக் காட்சி. கூட்டம் சுமார். திரையில் கடல் வந்தது, ஒரு படகும் இல்லாத கடல். பின்சுவரின் சின்னத் துளையிலிருந்து வெளிச்சம் கிளம்பி, தூசியெல்லாம் மினுமினுக்க, இழை இழையாகப் பிரிந்து தலைகளுக்கு மேலே போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அது போகிற வழியில் எதுவும் தடுக்கவில்லை.

அந்த நேரத்தில் தாமதமாக இரண்டு பேர் வந்தார்கள். சுவரோரத்து உள்சீட்டுகள் அவர்களுக்கு. வழியோரச் சீட்டுகளில் ஏற்கெனவே ஒரு நெட்டையரும் அவர் மனைவியும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றார் வந்தவர்.

"ஏன், நாங்க வர்றதுக்கு முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

"உங்க முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க சார், அதுக்கு எதுக்குத் தனிச் சீட்டு?"

முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். போகிற பெண்ணின் கைப்பை வார், நெட்டையரின் சட்டைப் பொத்தானில் சிக்கியது. அவள் இழுத்தாள்.

டப்.

டார்ச் வெளிச்சத்தில் அறுந்த வார் ஆடிக்கொண்டு தொங்கியது. டார்ச்சக்கா அதையே பார்த்தாள். "லைட்டைத் தள்ளிப் பிடிம்மா" என்று நெட்டையர் சொன்னது அவள் காதில் விழவில்லை.

உள்சீட்டுக்காரர்களை முதலில் விடு. வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் இதைத்தானே சொல்லிக்கொடுப்பாள்! வெளியே இருப்பவர் உட்கார்ந்துவிட்டால் உள்ளே போகிறவர் சிக்குவார். அங்கே வீட்டில், ஊசி நூல்கள் இரண்டும் முதலிலேயே வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டன. அடியில் ஆழத்தில் போக வேண்டிய கீழ் கொக்கி நூல், கடைசியாக வந்து அவற்றின் கால்களுக்குள் நுழைந்து, சிக்கி, அறுந்துபோகிறது. பாவம், அது என்ன செய்யும்?

திரையில் கடல் இன்னும் இருந்தது. அவளுக்கு மட்டும் கரை தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை நான்கு நூலையும் உருவினாள். ஊசிகள் வெறுமனே நிற்கட்டும் என்று விட்டு, மேல் கொக்கிக்கு முதலில் கோத்தாள். பிறகு கீழ் கொக்கிக்கு. இரண்டும் போய் நிம்மதியாக உட்கார்ந்த பிறகே ஊசிகளின் காதில் நூல் நுழைத்தாள். பெடலைத் தொடாமல் பக்கத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாள். கொக்கிகள் ஒன்றையொன்று தாண்டி வந்தன, போயின, நீந்துகிற மாதிரி. எதுவும் அறவில்லை. பிறகுதான் மிதித்தாள். மெஷினின் பின்னால் பின்னல் கயிறு ஒன்று வளர்ந்தது, வளர்ந்தது, மேஜை விளிம்பைத் தாண்டித் தரைக்கு இறங்கியது.

"ஜடை!" என்றாள் சிட்டு. "அம்மா, மெஷினுக்கு ஜடை!"

அத்தோடு எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த மெஷினுக்கு ஒரு கத்தி உண்டு, அது தயவு தாட்சண்யம் பார்க்காது. முதல் சட்டையில் அடியில் மடிந்து கிடந்த கைத்துணியையும் சேர்த்து நறுக்கியது. இரண்டாவதில் கழுத்து சுருங்கித் தக்காளிக் காம்பு போல ஆனது. மூன்றாவது சட்டை, சட்டையாகவே வந்தது.

சிட்டு போட்டுக்கொண்டாள். அசையாமல் நின்றாள். அம்மா, அப்பா, அன்று கடைக்கு லீவு விட்டு வந்திருந்த அத்தை, மூவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"கடிக்குதாடி?"

"கடிக்கல." அம்மாவின் முகத்தைப் பார்த்து, பாவம், அவளுக்கு ஆறுதல் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். "ஆனா, இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே இருக்கு."

சற்று நேரத்தில் நெளியத் தொடங்கினாள். சட்டை கழன்றது. டார்ச்சக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சிட்டு கழற்றிய சட்டையை மடியில் வைத்து, உள்பக்கத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஜடை நல்லாத்தாம்மா இருக்கு. ஏன் உள்ள ஒளிச்சு வச்சே? வெளிய வச்சா நான் தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன்ல?"

அம்மா திரும்பினாள். சட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தையலைப் பார்த்தாள். பிசிறில்லை, நூல் தொங்கலில்லை, விளிம்பைச் சுற்றி நெருக்கமாய் ஒரு பின்னல். இதை ஏன் மறைக்க வேண்டும்?

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. "ஏய், வேணாம்! தையலை வெளிய வச்சு அனுப்புனா, பெத்தவளுக்குச் சட்டையைத் திருப்பிப் போடக்கூடத் தெரியலன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணி. நல்லா வாய் வலிக்கச் சிரிக்கட்டும். என் பிள்ளை அழாம இருந்தா போதும்."

துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து, நான்காவது சட்டையை அவள் தைத்தாள். தோளில், விலாவில், கைகளின் சுற்றில் நீலப் பின்னல்கள் வெளியே ஓடின. உள்பக்கம் வெறும் மென்மை, கன்னத்தைப் போல. ஊர் சிரிக்கும் என்ற அதே நாத்தனார்தான், முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்பத் திரும்ப அலசி, உதறி, இன்னும் மென்மையாக்கிக் காயப்போட்டாள். "எதுல காயப்போடறீங்க அண்ணி?" என்று கேட்டதற்கு, "மெஷின்மேல இல்ல, போதுமா?" என்றாள்.

பள்ளி திறந்தது. வாசலில் டீச்சர் சட்டையைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், சிட்டுவிடம் கையை நீட்டினாள். சிட்டு பிடித்துக்கொண்டு போனாள். டார்ச்சக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கு எதிரே ஒரு மரத்தடியில், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் காலடியிலிருந்து மடிக்கு ஏறியது, மடியிலிருந்து தோளுக்கு. போன் அடிக்கவில்லை. உள்ளேயிருந்து பிள்ளைகள் ஒன்றாய்க் கத்துகிற சத்தம் வந்தது, ஓய்ந்தது, மறுபடி வந்தது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மணி அடித்தது. கதவு திறந்து பிள்ளைகள் கொட்டினார்கள். கடைசியில் சிட்டு, நெஞ்சில் பச்சை வர்ணம் அப்பிய சட்டையோடு ஓடிவந்தாள்.

"அம்மா! ஒருத்தன் சாக்பீஸ் தின்னான்மா! டீச்சர் வாயைத் திறன்னாங்க, நாக்கு வெள்ளையா இருந்துச்சு! ஏன் தின்னேன்னு கேட்டா, பால் மாதிரி இருந்துச்சாம்! நாளைக்கு நானும் அவனும்..."

பேசிக்கொண்டே நடந்தாள், பேச்சு நிற்கவேயில்லை. சட்டை எப்படி இருந்தது கண்ணு என்று கேட்க டார்ச்சக்காவுக்கு நாக்கு துடித்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். சட்டை போட்டிருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நடக்கிற பிள்ளைக்கு, நாமே எதற்கு அதை ஞாபகப்படுத்த வேண்டும்? "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்புறமா?" என்று தொடங்கினாள் சிட்டு. வீடு வரும்வரை முடிக்கவில்லை.

அவ்வளவுதான் கண்மணிகளே. கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் உடுத்துகிற துணியும் உறுத்தாமல் இருக்கட்டும், பேசுகிற பேச்சும் உறுத்தாமல் இருக்கட்டும். காலையில் வெளியே போன பிள்ளைகள் வாய் நிறையக் கதையோடு வீடு திரும்பட்டும். கேட்க ஆள் இருக்கட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.