பொன்னாடைக்குள் ஒரு ரெக்கோடர்

ஒஸ்லோத் தமிழர்களுக்கு ரெக்கோடர் என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வீட்டாரின் காதைப் பதம் பார்க்கிற பிளாஸ்டிக் குழல். அதைப் போய் ஹம்சிகா இசைக்கல்லூரியில் வருடக்கணக்காகப் படித்தாள் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? "குறுக்கை பிடிச்சு ஊதுற புல்லாங்குழலையாவது படிச்சிருக்கலாம்" என்று பெற்ற தாய் உதயகுமாரியே சொன்னாள்.

அந்தப் பெப்ரவரி ஞாயிறு ஹம்சிகாவுக்கு வாழ்வா சாவா என்ற நாள். கன்டாட்டா என்கிற, முந்நூறு வருடப் பழைய தேவாலயப் பாட்டுத்தொடர் ஒன்று. பாட்டு முழுக்கச் சாவைப் பற்றியது. இன்று ஒழுங்காக ஊதினால் இசைக்குழுவில் நிரந்தர இடம் என்று நடத்துநர் இங்ரித் சொல்லியிருந்தாள். வந்து பார்த்தால் தேவாலயத்தின் வெப்பமூட்டி பாட்டுக்கு முன்னமே செத்துக் கிடந்தது. மரக்குழல் குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். அதனால் ரெக்கோடர்காரர்கள் குழலைக் கக்கத்துக்குள் செருகித்தான் சூடாக்குவார்கள். தெய்வீக இசையின் இரகசியம் அவ்வளவுதான். ஆனால் கையில்லாத கறுப்புச் சட்டையோடு, சபைக்கு முன்னால் இருந்து கக்கத்தைத் தூக்கிக் காட்டலாமா?

போதாக்குறைக்குத் தாய், தமிழ்ச் சங்கத் தலைவர் ஆனந்தராஜாவையும் கூட்டி வந்திருந்தாள். அவர் கையில் ஒரு பை.

"அம்மா, இடையிலை நிப்பாட்டுவினம். அது முடிவில்லை. ஆனந்தராஜா மாமாவை எழும்ப விடாதேங்கோ."

"ஓம் ஓம், நான் பாக்கிறன்."

முதற்பகுதி தொடங்கியதுமே உதயகுமாரி நித்திரையானாள். ஹம்சிகாவின் குழல் மூக்கடைத்துத் தடிமன் பிடித்ததுபோல் இறங்கி இறங்கி முனகியது. இங்ரித்தின் புருவம் ஏறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஹம்சிகா நினைத்தாள்.

பகுதி முடிந்து தாள் புரட்டுகிற அமைதி. அதைக் கண்டதும் ஆனந்தராஜா எழும்பிவிட்டார். நிகழ்ச்சி முடிந்தால் பொன்னாடை, அது சங்கத்துச் சட்டம். சப்பாத்து டக்கு டக்கென்று ஒலிக்க நடுவழியால் வந்து, சரிகை மினுங்கும் மஞ்சள் பொன்னாடையை அவள் தோளில் போர்த்தி, கும்பிட்டுவிட்டு மைக்கைத் தேடினார்.

"ரெண்டே ரெண்டு வார்த்தை..."

"மாமா, போய் இருங்கோ." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வெட்கத்தில் உயிர் போனது.

அவர் போய் இருந்தார். கட்டைக்குரல் பாடகர் சாவை வா வா என்று அழைக்கத் தொடங்கினார். ரெக்கோடருக்கு வேலையில்லாத நீண்ட பாட்டு. பொன்னாடையைக் கழற்றப் போனவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இதற்குள் என்ன நடக்கிறதென்று யார் கண்டார்? குழல் மெல்லக் கக்கத்துக்குள் போனது. இரண்டாம் ரெக்கோடர் லார்ஸ் கெஞ்சுகிற கண்ணோடு தன் குழலையும் நீட்டினான். அதற்கு மற்றக் கக்கம்.

அடுத்த பகுதியில் இரண்டு குழலும் சுருதி பிசகாமல் சேர்ந்து அழுதன. கடைசிக் கைதட்டலில் விழித்த உதயகுமாரி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

இங்ரித் நேரே வந்தாள். "இடம் உனக்குத்தான். அடுத்த முறையும் அந்த மனிதரைக் கூட்டிவா. லார்ஸுக்கும் ஒரு துணி வேண்டும்."

மனதுக்குள் அவரை அவ்வளவு திட்டியதை நினைக்க ஹம்சிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. செய்தியைச் சொன்னாள். ஆனந்தராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப அந்த ரெண்டு வார்த்தை, பிள்ளை?"

"எல்லாம் முடிஞ்சாப் பிறகு கதையுங்கோ, மாமா."

"முடிஞ்சதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அம்மா நித்திரையாலை எழும்புவா."